முப்பத்தாறாயிரம் ரூபாய் ஸ்டாப்பர்

புளூ வேவ்ஸ் கால்பந்து அணியில் அம்புரோஸுக்கு ஒரு பருவத்துக்கு முப்பத்தாறாயிரம் ரூபாய். இரண்டு வருட ஒப்பந்தம். துறைமுகத்தில் பகலெல்லாம் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிற, இடது முழங்காலில் பேண்டேஜ் சுற்றாமல் மைதானத்தில் இறங்க முடியாத, கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற முப்பத்தொன்பது வயது ஸ்டாப்பருக்கு அது அதிகம்தான் என்று அவருக்கே தெரியும். ஆனால் போன வருடம் கோப்பையை வாங்கிய அன்று எல்லோரும் தலைகால் புரியாமல் இருந்தார்கள். அணியை நடத்தும் வலைக்கடை விஜயராஜ் அண்ணாச்சி அந்தக் குஷியில் கையெழுத்துப் போட்டார். அம்புரோஸும் போட்டார்.

எட்டு அணிகள் ஆடும் அந்த லீக்கில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஓர் அணி இரண்டு லட்சத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. காசுள்ளவன் நல்ல கால்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக வைத்த வரம்பு. கேப்பு என்று சொல்வார்கள்.

இந்த வருடம் அந்தக் கேப்பு புளூ வேவ்ஸின் கழுத்தைப் பிடித்தது. ஃபிராங்க்ளின் என்ற முன்கள ஆட்டக்காரனுக்கு ஒப்பந்தம் முடிந்திருந்தது. போன பருவத்தில் பதினான்கு கோல் அடித்தவன். முத்தையாபுரம் அணி அவனுக்கு நாற்பத்தைந்தாயிரம் தருகிறேன் என்றது. புளூ வேவ்ஸில் அம்புரோஸ் உட்பட மற்றவர்கள் சம்பளம் போக மீதி இருந்த இடம் இருபதாயிரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அம்புரோஸ் வீட்டுக்கு வந்த அண்ணாச்சி, டீ ஆடை கட்டும்வரை தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"என் கைக்காசுன்னா இந்நேரம் எடுத்து வீசியிருப்பேன், அம்புரோசு. ஆனா மேல ஒத்த ரூவா குடுத்தாலும் லீக்குல புள்ளிய புடுங்கிருவானுவ."

"என்னய கழட்டி விட்டுருங்க அண்ணாச்சி."

"கழட்டுனா உன் சம்பளத்துல பாதி எங்க கணக்குலதான் நிக்கும். வயசாளிய சும்மா தூக்கி எறியக் கூடாதுன்னு சட்டம். நீயும் போவ, பயலும் கெடைக்க மாட்டான்."

"அப்பம் எனக்குக் கொறச்சிக்கோங்க. ஆகக் கொறஞ்ச சம்பளம் எட்டாயிரம்தான? அதுக்கு ஆடுதேன்."

"போட்ட ஒப்பந்தத்துல கொறைக்க முடியாதுல்லா. அந்தச் சட்டத்தக் கொண்டு வந்தது யாருவே?"

குசினி அடுப்படியில் நின்ற அவர் மனைவி பிளாரன்ஸ் சிரித்தாள். "நல்லா கேளுங்க அண்ணாச்சி. எட்டு வருசத்துக்கு முன்னால பெரிய புரட்சி பண்ணுனாருல்ல."

புரட்சி என்று சொல்ல முடியாது. கிருபாநிதி என்று ஒரு கோல்கீப்பர் இருந்தார். ஆட்டத்துக்கு முந்தின நாள் பயிற்சியில், பாதிச் சம்பளத்துக்குச் சம்மதித்தால் ஆடு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்று அவருடைய அணியை நடத்துகிறவர்கள் காகிதத்தை நீட்டினார்கள். கிருபாநிதி கையுறையைக் கழற்றக்கூட இல்லை. அதோடேயே பேனாவைப் பிடித்துக் கோணலாகக் கையெழுத்துப் போட்டார். எதிரணியோடு அங்கே பயிற்சிக்கு வந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்புரோஸுக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. மறுநாள் இரண்டு அணி ஆட்களையும் நடுவட்டத்தில் உட்காரவைத்தார். வெயில் கொளுத்தியது. வேர்வை துடைக்கும் லேஞ்சியைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தார்கள். ஒப்பந்தம் போட்ட பிறகு ஒருவன் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது என்று லீக் செயலாளர் எழுதிக் கொடுத்த பிறகுதான் பந்து உருண்டது. அன்று அவருக்கு முப்பத்தொரு வயது. தனக்கும் ஒருநாள் வயதாகும் என்று அந்த வயதில் யாருக்குத் தோன்றும்?

இனி ஒரு வழிதான் இருந்தது. ஆட்டக்காரன் தானாக ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். அவன் பெயர் மூன்று நாள் லீக் பலகையில் தொங்கும். எந்த அணி வேண்டுமானாலும் பழைய சம்பளத்துக்கே அவனை எடுத்துக்கொள்ளலாம். யாரும் எடுக்காவிட்டால், நாலாம் நாள் சொந்த அணியே எட்டாயிரத்துக்குத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். அடுத்தவன் வீட்டுப் பழைய ஆளை அந்த மூன்று நாளில் யாரும் தொடுவதில்லை. அது எந்தச் சட்டத்திலும் இல்லாத மரியாதை. ஐந்தாறு பேர் அப்படித் தொங்கிவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

"இந்த ஒரு வருசம் நம்ம சட்டையில ஆடி முடிச்சிருதேன், அண்ணாச்சி. அது போதும்" என்றார் அம்புரோஸ். காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலமே ஃபிராங்க்ளினும் புளூ வேவ்ஸுக்குக் கையெழுத்துப் போட்டான்.

மூன்று நாளும் அவருக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. ஃபோர்க்லிப்டில் பலகை அடுக்குகளைத் தூக்கும்போதெல்லாம் பழைய ஆட்டங்கள் வந்து நின்றன. கடற்கரை மைதானத்தில் பிற்பகல் காற்று எழுந்தால் பந்து ஒரு முழம் விலகும். அதைக் கணக்குப் பண்ணித் தலை கொடுக்க இரண்டு வருடம் ஆயிற்று. மணப்பாட்டில் ஜெயித்துவிட்டு மீன் லாரியில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்து இறங்கிய அன்று, மீன் நாற்றம் போகக் குளிக்காமல் பிளாரன்ஸ் அவரைக் கிணற்றடியைத் தாண்ட விடவில்லை. ஒருமுறை அவர் அடித்த அடியில் பந்து கடலுக்குள் போய்விட்டது. வள்ளக்காரர் ஒருவர் துடுப்புப் போட்டுப் போய் எடுத்து வந்து, கூலி கேட்பதற்குப் பதிலாக ஒரு பெனால்டி அடிக்க விடச் சொன்னார். விட்டார்கள். கோலும் போட்டார். நீலச் சட்டை துவைத்துத் துவைத்து வெளிறும், புதுசு வரும், அதுவும் வெளிறும். அப்படிப் பதினாறு பருவம்.

மூன்றாம் நாள் பிற்பகல் அண்ணாச்சி போன் செய்தார்.

"எடுத்துட்டானுவ, அம்புரோசு."

"யாரு?"

"முத்தையாபுரம். அந்த அணிய நடத்துத மகாராஜன். நாம பயல விடல, அவன் கையில நாப்பத்தஞ்சு அப்படியே கெடந்துது. வழக்கம் தெரியாத பய. சாகுபுரத்துலருந்து வந்தவன்."

அம்புரோஸ் வண்டியை ஓரங்கட்டினார். வேண்டாம் என்றும் சொல்லலாம். சொன்னால் இந்தப் பருவம் முழுக்க யாருக்கும் ஆட முடியாது. அடுத்த பருவத்துக்கு முழங்கால் வராது.

வீட்டுக்கு வந்தபோது மகாராஜனே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுக்காரர், கையில் அவர் அணியின் சிவப்புச் சட்டை ஒன்று.

"கோவப்படாதீங்கண்ணே. வழக்கம் எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"போன வருசம் ரெண்டு ஆட்டத்துலயும் எங்கள ஒரு கோல் போட விடல நீங்க. காலு போயிருச்சின்னு ஊரே சொல்லுது. நான் காலப் பாக்கல, நீங்க நிக்கிற எடத்தப் பாத்தேன். முப்பத்தாறுக்கு லாபம்தான்."

அவர் போன பிறகு அம்புரோஸ் அந்தச் சட்டையைத் தொடவில்லை. பிளாரன்ஸ்தான் எடுத்து உதறி அளவு பார்த்தாள்.

"தோளு இறுக்கும். பிரிச்சுத் தச்சிரலாம்."

"ஏளா, நான் போறேன்னு சொன்னேனா?"

"போகாம? ஞாயித்துக்கெழம சாயங்காலம் வீட்டுல இருந்து என் உசுர வாங்கவா? நம்ம ஆளுவ எட்டாயிரத்துக்குப் பாசமா வச்சிருப்பாங்க. அந்தாளு முழுச் சம்பளம் குடுத்துக் கூப்புடுதான். எனக்கு என்னமோ இதுதான் மரியாதயாத் தெரியுது."

அவள் பிரித்துத் தைத்தாள்.

இரண்டாம் வாரமே முத்தையாபுரத்துக்கும் புளூ வேவ்ஸுக்கும் ஆட்டம் வந்தது. அதே கடற்கரை மைதானம். அம்புரோஸ் பழக்கதோஷத்தில் நீலச் சட்டைக்காரர்கள் உட்காரும் பக்கமாகவே நடந்தார். பாதி வழியில் உறைத்துத் திரும்பினார். அந்தப் பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. சாவு வீட்டுக்கு வந்தவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

இருபதாம் நிமிடத்தில் ஃபிராங்க்ளின் இடது பக்கம் பந்தோடு பிய்த்துக்கொண்டு வந்தான். வழிமறிக்க ஓடினால் அம்புரோஸுக்குத் தோல்விதான். அவர் ஓடவில்லை. இரண்டு அடி பின்வாங்கி, அவன் உள்பக்கம் வெட்டப் போகிற இடத்தில் போய் நின்றார். அவன் வெட்டினான். பந்து அவர் காலில் வந்து ஒட்டிக்கொண்டது.

"மாமா, நீங்களா இது!" என்று கத்திக்கொண்டே ஃபிராங்க்ளின் மண்ணில் சறுக்கி விழுந்தான்.

"நானேதான் மருமகனே, எந்திரி" என்று சொல்லிப் பந்தை முன்னால் தூக்கி அடித்தார். காற்றுக்கு ஒரு முழம் விட்டே அடித்தார். சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் அதை வாங்கிக் கோலுக்குள் தள்ளினான்.

நீலப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கிழிந்துகொண்டு வந்தது.

"ஏலே அம்புரோசு! சவத்து மூதி! எங்க சோத்தத் தின்னுட்டு எவனுக்குல ஆடுத?"

விஜயராஜ் அண்ணாச்சி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டுக்கே வந்து நின்றார். இத்தனை வருடத்தில் அவர் வாயால் அம்புரோஸ் வாங்கிய முதல் வசை. எதிரணியின் நல்ல ஸ்டாப்பர்களை மட்டும்தான் அண்ணாச்சி அப்படித் திட்டுவார். சுமாரானவர்களைப் பார்த்துக் கைதட்டுவார்.

அம்புரோஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து பேண்டேஜை இறுக்கினார். முழங்கால் இப்போதே விண்விண்ணென்றது. இன்னும் எழுபது நிமிடம் ஆட்டம் இருந்தது.