மைக்கைப் பறித்த கை

ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்புச் செய்வது என் தொழில். மௌத்து, அடக்கச் செய்தி, கூட்டம், கடைத்திறப்பு எல்லாம் திருகோணமலைத் துறைமுகத் தெருக்களுக்கு என் வாயால்தான் போகும்.

அந்த வாயைத்தான் ஒருத்தர் அவமானப்படுத்தினார். வாசிகசாலை ஆண்டுவிழாவில் நான் முதன்முதலாக மேடையேறிய நாள். வாசிகசாலைத் தலைவர், ஓய்வுபெற்ற அதிகாரி. என் அறிவிப்பின் பாதியில் எழும்பி வந்து மைக்கைப் பறித்தார். "இவருடைய தமிழில் மீன் மணக்குது" என்று சபைக்குச் சொன்னார். சனம் சிரித்தது.

அதற்குப் பிறகு எங்கட கதையே, நாங்கள் பேசுகிற தமிழே பிழை என்று பயந்து, கண்ட இடமெல்லாம் ழகரம் போட்டேன். வெழ்ழிக்கிழமை, பழ்ழிவாசல். இறங்குதுறையில் நிற்கிறவர்கள், "மாப்பிழ்ழை, வழ்ழம் எத்தனை மணிக்கு?" என்று என்னைப்போலப் பேசி நெளித்துக் காட்டுவார்கள். படிக்காததால் வந்த பிழை இல்லை இது. ஒருக்கா அடி வாங்கின நாக்கு, அடி விழாத இடத்தையும் பொத்திக்கொள்ளும்.

போன வருசம் அறிவிப்புக்காகத் தோப்பூர்ச் சந்தைக்குப் போனேன். மரக்கறி விற்கிற வயசாளி மாமி ஒருத்தி, தன் தம்பிதான் டவுனில் வாசிகசாலைத் தலைவர் என்று பெருமையாகச் சொன்னா. அந்த மனுசனோ கொழும்பில் வளர்ந்ததாகச் சொல்லித் திரிந்தவர். எருமை மேய்த்தவன் மகன், என்று மாமி சிரித்தா. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. பத்திரமாக வைத்திருந்தேன்.

இந்த வருசம் பிள்ளைகளுக்கான பரிசளிப்பில் அவர் பேச்சாளர், நான் அறிவிப்பாளர். பேச வருகிறவரை ஊர் சொல்லி அழைப்பது எங்கள் மேடை வழக்கம். அவர் எழுதித் தந்த துண்டில் ஊர் இல்லை. நான் காலையிலேயே தோப்பூருக்கு ஓட்டோ விட்டு, மாமியை ஏற்றி வந்து முன்வரிசைக் கதிரையில் இருத்தியிருந்தேன்.

"தோப்பூர் மண்ணின் மைந்தன்" என்று நிறுத்தி நிதானமாக அழைத்தேன். அவருடைய கூடப்பிறந்த ராத்தாவும் வந்திருக்கிறா என்று சேர்த்துச் சொன்னேன்.

அவர் ராத்தாவைக் கண்டார். முகம் வெளிறியது. "பிழ்ழைகழே" என்று தொடங்கினார். என் நாக்கில் இருந்த வருத்தம் அவர் நாக்கிலும் இருந்திருக்கிறது! பயத்தில் வரிக்கு வரி ழகரம் உருண்டது. சபை வாயைப் பொத்தியது. மாமி எழும்பினா.

"தம்பி, எங்கட கதையில கதையேன். ஒண்டும் விளங்குதில்ல."

கூரை பறக்கச் சிரிப்பு. அவர் தாளை மடித்தார், என்னைப் பார்த்தார். பார்க்கட்டும் என்று மைக்கோடு நின்றேன்.

"ஓம் ராத்தா" என்றார். போய் இருந்துவிட்டார்.

எனக்கு வயிறு நிறைந்தது. பாவம், வயசான மனுசன் என்றார்கள் சிலர். பறிபோனது அவர்களுடைய மைக் இல்லையே.

திரும்பக் கொண்டுபோய் விடும்போது பாதித் தூரத்தில் மாமி கேட்டா, "மகன், என்ட தம்பியப் பார்த்து ஏன் சிரிச்சவங்க?"

"மகிழ்ச்சியினால், மாமி" என்றேன்.

என் வீட்டில் ஒருநாளும் நான் சொல்லாத ழகரச் சொல்; அங்கே சந்தோசம்தான். நாக்கு தன்னைப் பொத்திக்கொண்டுவிட்டது.