கரடியே இல்லாத ஊரில் கரடிக்கு ரைஃபிள் தேடிய இரண்டு நாட்கள்

நியூசிலாந்தில் கரடி கிடையாது. பாம்பும் கிடையாது. இங்கே குடிவந்த புதிதில் ஊருக்குப் போன் பண்ணும்போதெல்லாம் இதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட ஊரில், மார்ச் கடைசி வார இறுதியில், கரடி சுட ஒரு ரைஃபிள் தேடி இரண்டு நாள் அலைந்தேன். நான் நர்ஸாக இருக்கும் முதியோர் இல்லத்தில் வெள்ளி இரவு ஷிஃப்ட் முடித்து, தூங்காமல் கிளம்பிய பயணம். அதனால் நான் வழக்கமாக எழுதும் கடற்கரைப் பயணப் பதிவுகளில் இருக்கும் உற்சாகத்தை இதில் தேடாதீர்கள். தூரம், செலவு, நாங்கள் செய்த தப்பு எல்லாம் சரியாக இருக்கும்.

காரணம் என் மகள் ஆதிரை. பதினெட்டு வயது, ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு, எடை நாற்பத்தாறு கிலோ. பள்ளித் தோழி கேட்டியின் குடும்பத்தோடு மூன்று வருடமாக வேட்டைக்குப் போகிறாள். அவர்கள் வீட்டுச் சின்ன ரைஃபிளில் காட்டு ஆடு சுட்டிருக்கிறாள். லைசென்ஸும் வாங்கிவிட்டாள். அதற்காக வீட்டுக்கு வந்த அதிகாரி என்னையும் தனியாக உட்காரவைத்து, "உங்கள் மகளுக்குக் கோபம் வருமா?" என்று கேட்டார். "சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் வரும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கேட்டியின் சித்தப்பா கனடாவின் மேற்கில் வேட்டை வழிகாட்டியாக இருக்கிறார். மே கடைசியில் இரண்டு பெண்களையும் கறுப்புக் கரடி வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார். ஒரு நிபந்தனை: அவரவர் பழகிய ரைஃபிளை அவரவரே கொண்டுவர வேண்டும். போன முதல் நாள் காலையில் நூறு மீட்டரில் மூன்று குண்டு சுட்டுக் காட்ட வேண்டும். மூன்றும் ஒரு சாஸர் அகலத்துக்குள் விழாவிட்டால் கையில் கேமரா மட்டும்தான்.

நான் அவரோடு போனில் பேசினேன். தப்பான இடத்தில் பட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். மனிதர் பூசி மெழுகவில்லை. "அடிபட்ட கரடி புதருக்குள் போய்விடும். அப்படியே விட்டுவிட்டு வரக் கூடாது. நான் முன்னால் போவேன். சுட்டவர் என் பின்னால் வர வேண்டும்" என்றார். அன்றைக்குப் போன தூக்கம்தான். கண்ணை மூடினால் புதரும், அதற்குள் போகும் என் பெண்ணின் முதுகும்தான் தெரிந்தது.

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ரைஃபிளை அவள் வாங்குவாள். விமான டிக்கெட் நான் எடுக்க வேண்டும். அவள் சுடுவதை என் கண்ணால் பார்த்துவிட்டு, ஞாயிறு மாலைக்குள் ஆமாவா இல்லையா என்று சொல்வதாக வாக்குக் கொடுத்தேன். என் கணவர், "நான் முட்டைகூடச் சாப்பிடறதில்ல, என்னை விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார். கொடுத்துவைத்தவர்.

சனிக்கிழமை காலை 9.10க்கு, ஆக்லாந்தில் எங்கள் வீடு இருக்கும் பிளாட் புஷ்ஷிலிருந்து கிளம்பினோம். மவுண்ட் ரோஸ்கில் 22 கிலோமீட்டர்; மோட்டர்வேயில் வேலை நடந்ததால் ஐம்பது நிமிடம் பிடித்தது. அங்கேதான் சிவநேசன் அண்ணா வீடு. யாழ்ப்பாணத்துக்காரர், பஸ் ஓட்டுகிறார், பதினைந்து வருடமாகப் பன்றியும் மானும் வேட்டையாடுகிறார். எங்களுக்குத் தெரிந்த ஒரே தமிழ் வேட்டைக்காரர் அவர்தான். கரடியை அவரும் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறார் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

"வாங்கோ தங்கச்சி, முதல்ல ரீ குடியுங்கோ. ரோல்ஸ் இருக்குது" என்றார். பிறகு பூட்டிய பெட்டியைத் திறந்து ஒரு நீள ரைஃபிளை எடுத்தார். த்ரீ ஹன்ட்ரட் மேக்னம். "கரடியெண்டால் சும்மாவே பிள்ளை? பெரிசு வேணும். சின்னதாலை அடிச்சால் அதுக்குக் கோவம்தான் வரும்."

ஆதிரை அதைத் தோளில் வைத்துப் பார்த்தாள். தோளில் பதியும் பின்கட்டை நீளம் அதிகம். விசையைத் தொடக் கையை நீட்டி, ஸ்கோப்பில் பார்க்கக் கழுத்தையும் நீட்ட வேண்டியிருந்தது. பெரிதாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் முனகினாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்டி, பழகிடும்." ஸ்கூல் யூனிஃபார்ம், ஷூ, ரெயின்கோட் என்று எல்லாவற்றையும் இரண்டு அளவு பெரிதாக வாங்கிக் கொடுத்தே வளர்த்த வாய். தானாக வந்துவிட்டது. அண்ணாவும் "ஓம், அதுதானே" என்றார். இரண்டு பெரியவர்கள் சேர்ந்துவிட்டால் அந்தப் பிள்ளையின் பேச்சு எங்கே எடுபடும்?

அண்ணாவையும் ஏற்றிக்கொண்டோம். சுடப் பழகும் ரேஞ்ச் அங்கிருந்து தெற்கே 58 கிலோமீட்டர், கடைசி ஆறு கிலோமீட்டர் மண் சாலை. விருந்தினர் கட்டணம் ஆளுக்கு 25 டாலர். காதுக் கவசம் அங்கேயே தருகிறார்கள், ஆனால் பழைய வியர்வை நாற்றம், சொந்தமாகக் கொண்டுபோங்கள். ரேஞ்ச் பொறுப்பாளர் மெரே என்ற ஐம்பது வயதுப் பெண்மணி. அதிகம் பேசாதவர். எனக்குப் பிடித்துவிட்டது.

அண்ணாவின் ரைஃபிளில் சைலன்ஸர் இருந்தது. இங்கே பெரும்பாலான வேட்டைக்காரர்கள் மாட்டியிருப்பார்கள். சத்தமும் குறையும், உதையும் குறையும். அதோடு சுட்ட இரண்டு குண்டுகள் சுமாராகப் போயின. அப்போதுதான் வழிகாட்டியின் மெயிலில் ஒரு வரி இருந்தது நினைவுக்கு வந்தது. கனடாவில் சைலன்ஸர் வைத்திருப்பதே குற்றம். இங்கிருந்து போகிறவர்கள் இதை நன்றாக மனதில் வையுங்கள்: அது இல்லாமல்தான் பழக வேண்டும். கழற்றச் சொன்னேன்.

மூன்றாவது குண்டில் என் நெஞ்சே அதிர்ந்தது. ஆதிரை தலையை உயர்த்தியபோது வலது புருவத்தில் ரத்தம். கழுத்தை நீட்டிப் பார்த்ததால் ஸ்கோப்பின் வளையம் வந்து இடித்திருக்கிறது. ஓடிப்போய்த் துடைத்தேன். சின்ன வெட்டு, தையல் தேவையில்லை. ஒட்டுப்பட்டை போட்டுவிட்டு, போதும் என்றேன். அவள் கேட்கவில்லை. இன்னும் நான்கு சுட்டாள். ஒன்று சாஸரில், ஒன்று அட்டையின் ஓரத்தில், இரண்டு எங்கே போயின என்றே தெரியவில்லை.

மெரே வந்தார். ரைஃபிளை வாங்கி, ஆதிரைக்குத் தெரியாமல் ஏற்கெனவே சுட்ட வெற்றுத் தோட்டா ஒன்றை உள்ளே போட்டுக் கொடுத்தார். ஆதிரை குறிபார்த்து விசையை அழுத்தினாள். "டிக்" என்று மட்டும் கேட்டது. குண்டே இல்லை, உதையே இல்லை, ஆனாலும் குழல் ஒரு சாண் கீழே குனிந்தது. அவள் கண்களை இறுக மூடியிருந்தாள். ஊசி கிட்ட வரும்போதே கையை இழுத்துக்கொள்ளும் நோயாளிகளைத் தினமும் பார்க்கிறவள் நான். அதேதான்.

"இது பயமில்லை, வலியின் ஞாபகம்" என்றார் மெரே. "இந்த ரைஃபிள் இவளுக்கு இல்லை."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? இவளால் முடியவில்லை, எனவே போக மாட்டாள், புதருக்குள் யாரும் நுழைய மாட்டார்கள், நான் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். உடம்பெல்லாம் லேசானது.

அண்ணாவை அவர் வீட்டில் இறக்கிவிட்டோம். பாவம், அவர் முகம் சுருங்கிவிட்டது. வழியில் ஒரு டெய்ரியில் (தெருமுனைக் கடைக்கு இங்கே அதுதான் பெயர்) உறைந்த பட்டாணிப் பொட்டலம் வாங்கிப் புருவத்தில் வைத்துக்கொண்டு வந்த ஆதிரை, சிக்னலில் நின்றபோது தமிழில் பேசினாள். அவள் தமிழில் பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"அம்மா, நீ சந்தோஷமா இருக்க."

பச்சை விழுந்தது, ஓட்டினேன். வேலையில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. குச்சிபோல் கை உள்ள பாட்டிக்குப் பெரிய கைப்பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் எடுத்தால் எண் தப்பாக வரும். அதை சார்ட்டில் எழுதும் புது நர்ஸுகளை நான் விடுவதே இல்லை. அளவான பட்டையை எடுத்துவந்து மறுபடி எடுக்கவைப்பேன். இப்போது நானே பெரிய பட்டையைச் சுற்றிவிட்டு, வந்த எண் எனக்கு வசதியாக இருக்கிறது என்று எழுதிக்கொள்ளப் பார்க்கிறேன். எரிச்சலாக வந்தது. மணி 3.20. வீட்டுக்குத் திரும்பும் வெளிவழியை விட்டுவிட்டு பக்குரங்காவுக்குப் போனேன். அங்கே துப்பாக்கிக் கடை நான்கரை வரை.

கடைக்காரர் முதலில் லைசென்ஸைப் பார்த்தார், அடுத்து ஒட்டுப்பட்டையைப் பார்த்தார். கதையைக் கேட்கவில்லை, அவருக்கே புரிந்திருக்கும். ஆதிரையின் முழங்கையை மடக்கச் சொல்லி, அங்கிருந்து விரல் வரை டேப்பால் அளந்தார். சாதாரணக் கட்டை பதின்மூன்றே முக்கால் அங்குலம். இவளுக்குப் பன்னிரண்டரை போதும். அந்த அளவில் ஒன்றை எடுத்து வைத்தார். பட்டும் புத்தி வராமல் நான் மறுபடி, "கொஞ்சம் நீளமா இருந்தா பின்னாடி உதவுமே, வளர்ற பொண்ணு" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னேன்.

"எத்தனை வயது?"

"பதினெட்டு."

"அப்படியானால் வளர்ந்து முடித்துவிட்டாள்" என்றார் அவர். ஆதிரை அன்று முதல்முறையாகச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் தேர்ந்தெடுத்தது செவன் எம்எம் ஓ-எய்ட் என்ற அளவு. மேக்னத்தின் உதையில் ஏறக்குறையப் பாதிதான். கறுப்புக் கரடிக்கு இது போதுமா என்று மூன்று முறை கேட்டேன். சரியான இடத்தில் பட்டால் தாராளமாகப் போதும், தப்பான இடத்தில் பட்டால் எந்த ரைஃபிளும் போதாது என்றார். தோட்டாவில்தான் அதிக நேரம் செலவழித்தார். சின்ன மானுக்கான குண்டு பட்டவுடன் விரிந்து சிதறும். கரடிக்குத் தோலும் கொழுப்பும் தடிமன், எலும்பு கனம், எனவே உறையும் ஈயமும் பிரியாமல் ஒட்டவைக்கப்பட்ட, ஆழமாகப் போகும் குண்டு வேண்டும். 140 கிரெய்ன், அதாவது ஒன்பது கிராம் எடை. இருபது தோட்டா உள்ள பெட்டி 78 டாலர். பழகுவதற்கு மலிவானது வாங்கலாமா என்றேன். கூடாது, வேட்டைக்கு எதுவோ அதிலேயே பழக வேண்டும், வேறு குண்டு வேறு இடத்தில் விழும் என்றார். ஸ்கோப்போடு ரைஃபிள் 1,940 டாலர். ஆதிரை தன் கார்டை நீட்டினாள். அன்றிரவு நான் சாப்பிட்டேனா இல்லையா என்பதுகூட ஞாபகம் இல்லை.

ஞாயிறு 10 மணிக்கு மறுபடி அதே மண் சாலை. சிவநேசன் அண்ணா எங்களுக்கு முன்பே வந்து நின்றார். "என்ர பிழை பிள்ளை" என்று ஒரு டப்பா ரோல்ஸை ஆதிரை கையில் கொடுத்தார். மேஜையில் வைத்துச் சுட்டபோது ஆரம்பத்தில் அவள் கண் தானாக மூடிக்கொண்டது. பத்துப் பதினைந்து குண்டுக்குப் பிறகு மூன்றும் சாஸருக்குள் விழுந்தன. மெரே மறுபடி வெற்றுத் தோட்டாவைக் கலந்தார். "டிக்." குழல் அசையவில்லை.

"காட்டில் மேஜை இருக்காது" என்று சொல்லி, மெரே ஆதிரையை எழுப்பி நிற்கவைத்தார். குழலைத் தாங்க இரண்டு கவைக்குச்சிகள். நூறு மீட்டரில் அட்டையில் வரைந்த கரடி. மலைச்சரிவிலிருந்து காற்று அடித்தது. முதல் குண்டு நெஞ்சில். இரண்டாவதும் நெஞ்சில், கொஞ்சம் பின்னால். மூன்றாவதுக்கு அவள் குறிபார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். காற்றில் குச்சி ஆடியது. அண்ணா தாங்க மாட்டாமல், "சுடு பிள்ளை, சுடு!" என்றார்.

ஆதிரை விசையிலிருந்து விரலை எடுத்தாள். போல்ட்டைத் திறந்து, தோட்டாவை வெளியே எடுத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"இல்ல அங்கிள். ஆடுது."

"கரடி போய்விட்டது" என்றார் மெரே.

"போகட்டும்" என்றாள் என் பெண். முகத்தில் வருத்தமே இல்லை.

இப்படி ஒரு வேலைக்கு ஆக்லாந்தில் கிளம்புகிறவர்களுக்கு: உடம்பை அளந்துவிட்டுக் கடைக்குள் போங்கள், அடுத்தவர் ரைஃபிளில் பழக வேண்டாம். தூங்காமல் ரேஞ்சுக்குப் போகாதீர்கள். இங்கிருந்து கொண்டுபோக, அங்கே இறக்க, திரும்பக் கொண்டுவர என்று எல்லா இடத்திலும் அனுமதி கேட்பார்கள். விதி மாறிக்கொண்டே இருப்பதால் நேரடியாக விசாரியுங்கள். தோட்டாவைப் பெட்டியில் வைக்கவும் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இரண்டு நாளில் நாங்கள் ஓடியது 310 கிலோமீட்டர், பெட்ரோல் 70 டாலர். வழியில் நல்ல காபி கிடையாது, ஃபிளாஸ்க்கில் எடுத்துப்போங்கள்.

ரேஞ்சின் கார் நிறுத்துமிடத்தில், ஒரு பக்கம் சேறாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, போனிலேயே டிக்கெட் எடுத்தேன். பயம் போய்விடவில்லை, இதை எழுதும்போதும் இருக்கிறது. அண்ணா எட்டிப் பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டார்.

"என்ன தங்கச்சி, மூண்டாவதை அவள் சுடேல்லைத்தானே?"

"அதுக்காகத்தான் அண்ணா எடுக்கிறேன்" என்றேன்.