தலையணை உறையில் ரொட்டி

ஜெர்மனியில் ரொட்டி திருடிப் பிடிபட்டாள் ஜிபார் என்ற சேதி, அவள் விமானம் ஏறுவதற்கு முன்பே எங்கள் மலையூரான நரினுக்கு வந்து சேர்ந்துவிட்டது. டாக்சி ஸ்டாண்டில் கம்பளிக் காலுறை விற்கிற பூபுசாராதான் எனக்குச் சொன்னாள். பல்லுக்கு நடுவே ஒரு நூலைக் கடித்திருந்தாள். ஆனாலும் பேச்சு நிற்கவில்லை.

"பட்டினி போட்டிருக்காங்க மெலிஸ் அண்ணே. பிள்ளை பசி தாங்காம ரொட்டிய எடுத்து ரூம்ல ஒளிச்சு வச்சிருக்கு. போலீஸ் வந்து விலங்கு மாட்டி ஏரோப்ளேன்ல ஏத்தி விடுறாங்களாம்."

"உனக்கு யாரு சொன்னா?"

"கூட வேலைக்குப் போன பொண்ணோட அத்தை. அந்தப் பொண்ணு கண்ணாலயே பாத்திருக்கு."

"விலங்கையா?"

"ரொட்டிய."

நான் நரினுக்கும் தலைநகர் பிஷ்கெக்குக்கும் நடுவே ஷேர் டாக்சி ஓட்டுகிறவன். ஊர்ச்சேதி சுமப்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஆனால் அரைகுறைச் சேதி ஆகாது. அது செருப்புக்குள் போன கல் மாதிரி, வழியெல்லாம் உறுத்தும். என் அதிர்ஷ்டம், மறுநாளே ஜிபாரின் அம்மா சோனுன் வந்து, விமான நிலையத்துக்குப் போய் மகளை அழைத்துவர வண்டி வேண்டும் என்றாள். ஆகவே இனி நான் சொல்வது அந்தப் பெண் வாயிலிருந்தே கேட்டது. என் கையால் ஏதாவது விழுந்திருந்தால் அது உப்பு மட்டும்தான்.

ஜிபார் பிஷ்கெக்கில் ஜெர்மன் படிக்கிறாள், நாலாம் வருஷம். எட்டு வாரம் ஜெர்மனியில் வேலை பார்த்து, பேச்சு தேறிவிட்டது என்று முதலாளி கையெழுத்துப் போட்ட தாளைக் கொண்டுவந்தால்தான் அடுத்த வருஷ வகுப்பில் உட்கார விடுவார்கள். இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார்கள். தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் சோனுனுக்குப் போகிற வழி முழுக்க அந்தத் தாள் மேல்தான் நினைப்பு. ஆனால் மகளைக் கண்டதும் கட்டிப்பிடித்தாளே தவிர, கேட்க வாய் வரவில்லை. நான் முதலில் பார்த்தது மணிக்கட்டை. விலங்குத் தழும்பு எதுவும் இல்லை. கன்னம் வேறு முன்னைவிட உப்பியிருந்தது. பட்டினி கிடந்த கன்னமா அது?

வண்டி பிஷ்கெக்கைத் தாண்டியதும் மெதுவாகத் தூண்டில் போட்டேன்.

"அங்கெல்லாம் ரொட்டி எப்படிம்மா? நல்லா வேகுமா?"

ஜிபார் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "மாமா, நேராக் கேளுங்க."

நேராகக் கேட்டேன்.

ஏரிக்கரையில் ஒரு ஓட்டலாம். காலை உணவுக் கூடத்தில் வேலை. ஜெர்மன் பேசிப் பேசி நாக்கு வழுக்கும் என்று நினைத்துப் போயிருக்கிறாள். "பேச ஆளே இல்ல மாமா! ஜெர்மன்காரங்க எல்லாம் மேசையில உக்காந்து சாப்பிடுறாங்க. சமையல்கட்டுல போலந்து, உக்ரைன், ரெண்டு உஸ்பெக். எல்லாரும் பேசுறது ரஷ்யன். ரெண்டு வாரத்துல என் ரஷ்யன்தான் பிரமாதமா ஆச்சு."

"அதை இங்கயே கத்திருக்கலாமே, விமானச் செலவு மிச்சம்."

"நீங்க ஓட்டுங்க."

காலை பத்தரைக்குக் கூடத்தை மூடுவார்கள். கூடையில் மிஞ்சிய உருண்டை ரொட்டிகள், யார் கையும் படாதவை, இன்னும் மொறுமொறுவென்று இருக்கும். மேற்பார்வை பார்க்கும் டானுட்டா என்ற பெண் முதல் நாள் செய்து காட்டினாள். கூடையைத் தூக்கினாள், கழிவுத் தொட்டிக்குள் கவிழ்த்தாள்.

பின்சீட்டில் சோனுன் மூச்சை இழுத்தாள். "கவிழ்த்தா? ரொட்டியவா?"

"கவிழ்த்தாம்மா. மேல மீன்தோலு, காப்பித்தூளு எல்லாம் கொட்டுனா."

என் கால் தானாக ஆக்சிலேட்டரிலிருந்து எழுந்துவிட்டது. எங்கள் வீடுகளில் ரொட்டி குப்புறக் கிடந்தாலே போகிற வருகிற கை அதை நிமிர்த்தி வைக்கும்.

"நீயும் கொட்டுனியா?" என்றேன்.

"முதல் நாள் கொட்டினேன். அன்னிக்கு ராச்சோறு இறங்கல. மறுநாள் தலையணை உறை ஒண்ணு எடுத்து அதுல போட்டு ரூமுக்குக் கொண்டு போயிட்டேன்."

"எடுத்துக்கலாமான்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"கேக்க ஜெர்மன் வரணுமே மாமா."

ரொட்டியை எடுத்தாயிற்று, இனி என்ன செய்வது? ஓட்டலுக்குப் பின்னால் ஒரு லாயம் இருந்தது, நாலு குதிரை. வாடகைக்குச் சவாரி விடும் உர்சுலா என்ற பெண் அதை நடத்தினாள். முப்பது முப்பத்தைந்து வயசு, முழங்கால் வரை பூட்ஸ், ஓயாத வாய். ஜிபார் ரொட்டியையும் குதிரையையும் மாற்றி மாற்றிக் காட்ட, அவள் சரி என்று தலையாட்ட, அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் லாயம்தான். உர்சுலா குதிரையைப் பற்றிப் பேசுவாள், வரி கட்டுவதைப் பற்றிப் பேசுவாள், பிரிந்துபோன புருஷனைப் பற்றி அதைவிட அதிகம் பேசுவாள். நாலு வாரத்தில் ஜிபாருக்கு ஜெர்மன் வந்துவிட்டது, புருஷனைத் திட்டுகிற ஜெர்மன் உட்பட.

"இது நல்ல விஷயம்தானே, இதுல திருட்டு எங்க வந்துச்சு?" என்றேன்.

ஜிபார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

"ஆறாவது வாரம் ஒரே மழை. உறைக்கு அடியில தேங்கிக் கிடந்த ரொட்டி பூஞ்சை புடிச்சிருக்கு. நான் மேலாக மட்டும் பாத்துட்டு மொத்தத்தையும் பழுப்புக் குதிரைக்குக் கொட்டிட்டேன்."

நான் பிரேக்கை மிதித்தேன். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனாலேயே என் வம்சத்தை விசாரித்துவிட்டுப் போனான்.

"குதிரைக்கா?"

"படுத்துருச்சு மாமா. வயித்தத் திரும்பித் திரும்பிப் பாத்துச்சு."

"ஐயோ!" சோனுன் தொடையில் அடித்துக்கொண்டாள். "சுத்துப்பட்டு மேய்ச்சல்ல எவன் குதிரை படுத்தாலும் உங்க அப்பனைத்தான்டி வைத்தியத்துக்குக் கூப்பிடுறான். அப்பேர்ப்பட்டவன் மக பூஞ்சை ரொட்டியப் போட்டாளா? நீ நரின்ல பொறந்தவதானா?"

"அதான், வயித்துவலி வந்த குதிரையப் படுக்க விடக் கூடாதுன்னு அப்பா சொன்னபடி எழுப்பி நடக்க வச்சேன். மத்தியானத்துலருந்து சாயங்காலம் வரைக்கும், ஆறு மணி நேரம், கயிறப் புடிச்சுட்டு சுத்திச் சுத்தி. டாக்டர் வந்து மருந்து ஊத்தினாரு. சாணி போட்டப்புறம்தான் எனக்கு உசுரு வந்துச்சு. உர்சுலா வைக்கோல்ல ஏதோ கோளாறுன்னு நினைச்சா. நான் வாயத் திறக்கல."

மறுநாள் காலையில் அறை துடைக்க வந்தவள் மூன்று தலையணை உறைகளைக் கண்டுபிடித்துவிட்டாள். ஓட்டல் முதலாளியம்மா லிண்ட்னர் கூப்பிட்டு அனுப்பினாள். ஓட்டல் ரொட்டியை வெளியே கொண்டுபோனால் திருட்டுக் கணக்கு, வேலை போகும், தாளும் போகும். ஜிபார் போனாள். போனால், அந்த அம்மாள் கண்ணில் தண்ணீர்.

"'பசிச்சா எங்கிட்டச் சொல்லக் கூடாதாம்மா, உங்க நாட்டுல என்ன கஷ்டமோ'ன்னாங்க. சூப்பு வேற கொண்டுவரச் சொல்லிட்டாங்க. மேசையில என் தாளு, அவங்க கையில பேனா. ஆமான்னு நான் தலையாட்டினாப் போதும்."

"ஆட்டுனியா?"

சரியாக இந்த இடத்தில் கோச்கோர் ஊர் வந்தது. இருபது வருஷமாக நான் டீ குடிக்க நிறுத்துகிற கடை வந்தது. அதையும் தாண்டி ஓட்டினேன்.

"ஆட்டல. எனக்குப் பசியே இல்லன்னேன். ரொட்டி கீழ விழுந்தா நாங்க எடுத்து நெத்தியில தொட்டு உசரத்துல வைப்போம், குப்பையில போட கை வராதுன்னேன். அதோட நிறுத்தியிருக்கலாம் மாமா. ஆனா அந்தம்மா என்னைய ஏதோ மகான் மாதிரி பாக்க ஆரம்பிச்சாங்க. அதுக்குப் பசின்னு நினைச்சதே தேவலைன்னு ஆயிருச்சு. குதிரையையும் சொல்லிட்டேன்."

லிண்ட்னர் பேனாவை மூடி வைத்தாள். உர்சுலாவுக்கு ஆள் போயிற்று. வந்தவள் நின்ற இடத்திலேயே பத்து நிமிஷம் திட்டினாள்.

"ஒரு வார்த்தை விடாமப் புரிஞ்சுது! எனக்குச் சந்தோஷம் தாங்கல, சிரிச்சுட்டேன். அதுக்கு இன்னொரு பத்து நிமிஷம் திட்டு."

மூச்சு வாங்கியபின் உர்சுலாவே சொன்னாளாம், ஆறு மணி நேரம் குதிரையை விட்டு நகராதவளை அனுப்ப வேண்டாம், மிச்ச நாளுக்கு ஓட்டல் வேலை முடிந்ததும் லாயத்தில் சாணி அள்ளட்டும் என்று. அள்ளினாள்.

"அப்போ அந்த ரொட்டி?"

"இப்பவும் தொட்டிக்குத்தான் போகுது மாமா. என் முறைக்கும் டானுட்டாவே கொட்டினா, அவ்வளவுதான்."

சோனுனுக்கு இப்போதுதான் வாய் வந்தது. "தாளு?"

ஜிபார் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சோனுன் கண்ணாடி மாட்டி, அதில் ரஷ்யனில் இருந்த வரிகளைப் படித்தாள். "பேச்சுத் திறமைக்கு ஒண்ணா! அஞ்சுக்கு ஒண்ணா! இதுக்கா எட்டு வாரம்? இது என்ன... சொன்னதக் கேட்டு நடக்குறதுக்கு நாலு. இது மட்டும் பரவால்ல."

"அம்மா, அங்க ஒண்ணுதான் உசத்தி. நாலுன்னா ஏதோ தப்பிச்சேன்னு அர்த்தம்."

சோனுன் தாளைத் திருப்பிப் பார்த்தாள், கையெழுத்தை விரலால் தடவினாள், நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். கணவாய் ஏறி இறங்கும் வரை சந்தோஷமாக இருந்தாள். ஊர் தெரிந்ததும் முன்சீட்டைப் பிடித்து என் காதுக்கு வந்தாள்.

"மெலிஸ் அண்ணே, ஊர்ல பேசுறதே இருக்கட்டும். பசியில எடுத்தாள்னா பாவம்னு போயிருவாங்க. குதிரை விஷயம் தெரிஞ்சா இவ அப்பா சந்தைக்குள்ள தலை காட்ட முடியாது."

ஸ்டியரிங் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அவள் நம்பவில்லை. நானும்தான்.

ஸ்டாண்டில் பூபுசாரா சூடான ரொட்டியோடு நின்றாள், பின்னால் ஏழெட்டுப் பெண்கள். வண்டியிலிருந்து முழுசாக இறங்குவதற்குள் ஜிபாரைக் கட்டிக்கொண்டாள்.

"எலும்பும் தோலுமா வந்திருக்கியே கண்ணு! சாப்பிடு, இங்க எவனும் உனக்கு விலங்கு மாட்ட மாட்டான்."

சோனுன் மகளின் முழங்கையைக் கிள்ளியதை நான் பார்த்தேன். ஜிபார் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினாள்.

"அக்கா, நான் பசியில ஒண்ணும் திருடல. போலீசும் வரல. தூக்கிப் போடுற ரொட்டிய எடுத்தேன். பூஞ்சை புடிச்சதப் பாக்காம குதிரைக்குப் போட்டு, அதைப் படுக்க வச்சேன். ஊரு பூரா சொல்றதுன்னா அதைச் சொல்லுங்க."