இரண்டும் இடது பக்கம்

போன வருஷம் ஆவணி மாதம் நடந்தது இது. மாரண்டஹள்ளியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒரு பழைய கார் வாங்கி, நானே ஓட்டவும் கற்றுக்கொண்டேன். அதில் கொஞ்சம் தலைக்கனம்கூட ஏறியிருந்தது.

ஏரியூர் பக்கம் கட்டிக்கொடுத்த என் தங்கைக்கு வளைகாப்பு. முடிந்ததும் என் காரில்தான் அம்மா வீட்டுக்கு வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவள் மாமியாரோ, என் கார் லொடலொடவென்று வந்து நிற்பதை முன்பே பார்த்தவர். நாள் குறிக்கப் போன அன்றே, "இதுல புள்ளத்தாச்சிய அனுப்ப மாட்டேன் கண்ணு. நாங்களே வேற வண்டி வெச்சு அனுப்பறோம்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! வீடு வந்து சேரும்வரை அவரைத் திட்டித் தீர்த்தேன்.

வளைகாப்புக்கு முந்தின நாள் எங்கள் தெரு மெக்கானிக்கிடம் காரை விட்டேன். முன்பக்கம் இரண்டு ஷாக் அப்சர்பரும் போய்விட்டதாம். புதுசு வர நாலு நாளாகும், தர்மபுரியில் பழசு கிடைக்கும் என்றார். "கழட்டினத கையோட எடுத்துட்டுப் போங்கக்கா" என்றும் சொன்னார். கிரீஸ் பிசுக்கோடு அந்த இரும்பை யார் பஸ்ஸில் சுமப்பது? செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

தர்மபுரியில் பழைய உதிரிபாகக் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே, "பழசு கொண்டாந்தீங்களா?" என்பதுதான். "அதெல்லாம் எனக்குத் தெரியுங்க, இதே மாடல்தான்" என்று போட்டோவை நீட்டினேன். ஆயில் கசிகிறதா என்று மட்டும் தடவிப் பார்த்துவிட்டு, பெரிய வல்லுநர் மாதிரி இரண்டை வாங்கி வந்தேன்.

மத்தியானம் மெக்கானிக் ஒன்றை மாட்டினார். இன்னொன்று பொருந்தவில்லை. பிரேக் குழாயைப் பிடிக்கும் கொக்கி எதிர்ப்பக்கம் இருந்தது. "அக்கா, ரெண்டுமே இடது பக்கத்துதுங்க!" என்றவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "அளவு ஜாக்கெட் இல்லாம வந்தாளுன்னு என் பொண்டாட்டிய வெரட்டி வுட்டீங்களே, நீங்க மட்டும் போட்டோவோட போலாமா?" எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நாளைக் காலை தங்கை யார் வண்டியில் ஏறுவாள் என்று நினைத்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

மாட்டாததையும், கழற்றிய வலது பக்கத்துப் பழசையும் சாக்கில் கட்டி மறுபடி பஸ் ஏறினேன். கடைக்காரர் கடையையே கவிழ்த்துத் தேடினார். இல்லை. அழுகையே வந்துவிட்டது. அப்போது வாசலில் ஒரு சத்தம்: "ஏனுங்க, ரெண்டும் வலது பக்கமாவா குடுப்பீங்க?"

மொரப்பூர்க்காரர் ஒருவர். அதே மாடல் கார், அவர் கையிலும் ஒரு சாக்கு. என் சாக்கைப் பார்த்தார், நான் அவர் சாக்கைப் பார்த்தேன். அடுத்த நிமிஷம் கடையே சிரிப்பில் அதிர்ந்தது! என்னுடையதைக் கொடுத்து, அவருடையதை வாங்கிக்கொண்டு ஓடப் பார்த்தேன். அவர் விடவில்லை. "இருங்க தங்கச்சி, மறுபடியும் ஏமாற வேணாம்" என்று என் பழசின் பக்கத்தில் வைத்து, உயரம், கொக்கி, போல்ட் ஓட்டை எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே கொடுத்தார். கடைக்காரர் எங்கள் இருவருக்கும் டீ வாங்கித் தந்தார்.

மறுநாள் ஏரியூரில் காரைச் சத்தமில்லாமல் கொண்டுபோய் நிறுத்தினேன். மாமியார் அதற்கும் அசரவில்லை. "மொதல்ல நான் ஏறிப் பாக்கறேன்" என்று முன்சீட்டில் உட்கார்ந்தார். ஊர் எல்லை வரை, வேகத்தடை ஒன்று விடாமல் ஏற்றி இறக்கினேன். திரும்பி வந்ததும் மருமகளைக் கூப்பிட்டு, "ஏறு சாமி, தொட்டில்ல போற மாதிரி இருக்குது" என்றார். தான் மட்டும் வீட்டுக்குள் போகவில்லை. பின்சீட்டுக்கு மாறி, எங்களோடு மாரண்டஹள்ளி வரை வந்தார்! தங்கை வழி முழுக்க அவர் மடியில் தலைவைத்துத் தூங்கினாள்.

தெரியும் என்று போட்டோவை நீட்டிய நானும், ஏறிப் பார்த்த பிறகே மருமகளை அனுப்பிய அந்த அம்மாவும் ஒரே பெண்ணுக்காகத்தான் அப்படிச் செய்தோம். ஆனால் அவளை நிஜமாகப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டது யார் என்று யோசிக்கும்போதெல்லாம், அன்று வழிநெடுகத் திட்டியதற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.