நீர்க்கட்டி சுப்பராயன் அளந்த கோல்

சுப்பராயன் சிரித்து நான் பார்த்தது கம்மி. எங்கள் ஊற்றுக்காலுக்கு அவர்தான் நீர்க்கட்டி. யார் வயலுக்கு என்றைக்குத் தண்ணீர் திருப்புவது என்று பார்க்கிற ஆள்.

மாதனூர்ப் பக்கம் பாலாறு என்றால் வெறும் மணல். ஆனால் அடியில் ஊற்று இருக்கும். ஆற்றுக்குள்ளேயே நீளமாகக் கால்வாய் தோண்டினால், கசிந்து சேர்ந்து வயலுக்கு வரும். மழைக்காலத்தில் அது தூர்ந்துவிடும். தை பிறந்ததும் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்து திரும்ப வெட்ட வேண்டும். ஆள் வராத வீட்டுக்கு அந்த வருஷம் தண்ணீர் முறை கிடையாது. சொந்தத் தம்பிக்கே சுப்பராயன் இதில் சலுகை காட்டியதில்லை.

எழுபத்தாறோ ஏழோ, மழை ஏமாற்றிய வருஷம். எங்கள் ஊர் ஜெயகரன் தென்னையிலிருந்து விழுந்து, காலை ஒடித்துக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கிணற்றில் மிச்சமிருந்ததை இறைத்து அவன் நட்ட கேழ்வரகு வாடிக்கொண்டிருந்தது. கிணறும் வற்றிவிட்டது. ஊற்றுக்கால் முறையை விட்டால் வேறு வழியில்லை.

வெட்டு நாளன்று அவன் பெண்சாதி தேவகிருபை மண்வெட்டியோடு ஆற்றில் இறங்கினாள். அதுவரை இந்த வேலைக்குப் பெண்கள் வந்ததில்லை.

"இன்னாம்மா, கூழ் கொண்டாந்தியா?" என்றான் எங்களோடு வெட்ட வந்திருந்த வேலாயுதம். எல்லாரும் சிரித்தோம்.

"மண்ணு வெட்ட வந்தேண்ணே. கூழு உங்க வூட்ல இருந்து வரட்டும்."

அவன் சுப்பராயனிடம் திரும்பினான். "மாமா, பொம்பளைய ஆள் கணக்குல சேப்பீங்களா?"

"வூட்டுக்கு ஒரு ஆளுன்னுதான் பேச்சு. மீசை வெச்ச ஆளுன்னு எவனும் சொல்லல."

மூங்கில் கோலால் ஆளுக்கு இவ்வளவு என்று அவர் அளந்து கொடுப்பார். புதிய ஆளுக்குக் கரையோரம்தான். அங்கே ஆழம் கம்மி. அன்றைக்கு அவளை நேராக நடு ஆற்றுக்குக் கூட்டிப்போனார். ஊற்று கிளம்புகிற இடம். ஆழம் ஜாஸ்தி.

"இது உன் பங்கு. பொழுது சாயறதுக்குள்ள முடிக்கணும். இல்லன்னா முறை கெடையாது."

இந்த ஆளுக்கு ஈவு இரக்கமே இல்லையா என்று எனக்கே ஆத்திரம் வந்தது.

அவள் வெட்டினாள். மணலைப் பக்கத்திலேயே குவித்ததில் சரிந்து சரிந்து குழிக்குள் விழுந்தது. எங்கள் பங்கை முடித்துவிட்டுக் கரையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தோம். கால்வாய் காய்ந்தே கிடந்தது.

முதலில் விளங்கியது வேலாயுதத்துக்குத்தான். "பேஜாராப் போச்சே! அது முடியாம நமக்கு ஒரு சொட்டு வராதுடா!" பீடியை எறிந்துவிட்டு எழுந்தான். "மாமா, கை குடுக்கலாமா?"

"எனக்கென்ன தெரியும்? நான் பொழுத பாத்துக்கினு இருக்கேன்" என்று சுப்பராயன் மலைப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

ஓடினோம். "மண்ணத் தள்ளிப் போடும்மா, தள்ளி!" என்று கத்திக்கொண்டே வேலாயுதம் கூடையைப் பிடித்தான். பத்துப் பதினைந்து மண்வெட்டி விழுந்தது. பொழுது இறங்கும்போது மணல் கறுத்து ஈரம் காட்டியது. தண்ணீர் அவள் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு கீழே கிளம்பியது. அவள் அதிலேயே உட்கார்ந்து அழுதாள்.

சுப்பராயன் வந்து கோலை வைத்து அளந்தார். "சரியா இருக்கு. வியாழக்கெழம உன் முறை."

"ஏண்ணே என்னை இங்க கொண்டாந்து போட்டீங்க?"

"கோலு இங்க வந்து நின்னுச்சு" என்றார்.

அறுப்பு முடிந்து, ஜெயகரன் கட்டையூன்றி வீடு வந்த பிறகு, புதுக் கேழ்வரகில் கூழ் காய்ச்சி தேவகிருபை அவருக்கு ஒரு சொம்பு கொண்டுபோனாள். நானும் அங்கே இருந்தேன்.

"உப்பு கம்மி" என்றார் சுப்பராயன். சொம்பைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் சொன்னார்.