நட்சத்திரம் கட்டாத வருடம்

அக்கா இருந்தவரை எங்கள் வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் அவளே பேசிவிடுவாள். எனக்கு அது வசதியாக இருந்தது. சிங்காநல்லூரில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிச் சுருள் சுற்றுகிற வேலை எனக்கு. தலையைக் குனிந்துகொண்டே செய்யலாம். வீட்டுக்கு யாராவது வந்தால் சமையலறைக்குள் போய் டீ போட ஆரம்பித்துவிடுவேன். கல்யாணமான புதிதில் என் மனைவி இதைப் பார்த்துத் திகைத்தாள். பிறகு பழகிக்கொண்டாள்.

டிசம்பரில் எங்கள் திருச்சபையிலிருந்து வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் கேரல் பாட வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்பதும் அக்காதான். டிரம் அடிக்கிறவரை, “ஏங்கண்ணு, மெதுவா அடி, பாலன் இயேசு தூங்க வேண்டாமா?” என்று மிரட்டுவாள். அவர்கள் பாடி முடித்ததும் இன்னொரு பாட்டு கேட்பாள். எப்போதும் ஒரே பாட்டுதான், தாலாட்டு மாதிரி மெதுவாகப் போவது. உள்ளே டீயை ஆற்றிக்கொண்டே நான் கேட்பேன். எனக்குக் கிறிஸ்துமஸ் என்றால் அதுதான்.

ஓர் ஆடி மாதத்தில் அக்கா இறந்துபோனாள். துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருடம் பண்டிகை இல்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இந்து, கிறிஸ்தவர் என்ற வித்தியாசம் அதில் இல்லை. புதுத்துணி கிடையாது, பலகாரம் கிடையாது, வாசலில் நட்சத்திரம் கட்டுவதும் கிடையாது. எங்கள் காகித நட்சத்திரம் பழைய சேலையில் சுற்றியபடி பரணிலேயே இருந்தது.

கேரல் குழுத் தலைவர் போன் செய்தார்.

“ஏனுங்ணா, துக்க ஊடு. இந்த வருசம் உங்க ஊட்டுக்கு வரலீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க.”

“சரிங்க” என்று வைத்துவிட்டேன்.

“வர வேண்டாம்னு சொல்லிப்போட்டீங்களா?” என்றாள் மனைவி.

“நான் எங்க சொன்னேன்? அவங்க சொன்னாங்க. நான் சரின்னேன்.”

“நல்லாச் சொன்னீங்க போங்க” என்று அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

அந்தச் ‘சரிங்க’ என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அக்காவோடு அந்தப் பாட்டும் போய்விட்டால், இந்த வீட்டில் சந்தோஷம் என்று இருந்தது அவளுடையது மட்டும்தானா என்று பயமாக இருந்தது. அவர்கள் வர வேண்டும் என்று மனசு கிடந்து தவித்தது.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். வருடா வருடம் எங்கள் வீட்டு அச்சுமுறுக்கு அவருக்குப் போகும்.

“ஏனுங்க தம்பி, நட்சத்திரத்தக் காணோம்?”

“துக்கமுங்க.”

“அட, ஆமா. எங்க ஊட்லயும் அப்பிடித்தானுங்க, ஒரு வருசத்துக்குப் பொங்க வெக்க மாட்டோம்.” பிறகு சிரித்தார். “அப்ப இந்த வருசம் உங்க சாமி உங்க ஊட்ல பொறக்க மாட்டாருங்களா?”

நானும் சிரித்துவைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். பட்டறையில் கம்பியைச் சுற்றிக்கொண்டே அதை நினைத்துக்கொண்டிருந்தேன். இயேசு பிறந்தபோது பலகாரம் சுட்டு வைத்திருந்த வீடு எதிலும் பிறக்கவில்லை. இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள், மாட்டுத்தொட்டியில்தான் கிடத்தினார்கள். செய்தி முதலில் போனதும், குளிரில் ஆடு காத்துக்கொண்டிருந்தவர்களுக்கு. தேவதூதன் அவர்களிடம் முதலில் சொன்னதே பயப்பட வேண்டாம் என்றுதான். சாவு இருக்கிற உலகம் என்று தெரிந்துதான் அவர் வந்தார். சாவு நடந்த வீட்டை மட்டும் எப்படித் தாண்டிப் போவார்?

இவ்வளவு யோசித்தும் தலைவருக்குப் போன் செய்ய வாய் வரவில்லை. போனை எடுப்பதும் சட்டைப்பையில் போடுவதுமாக நாள்கள் போய்விட்டன.

அவர்கள் எங்கள் தெருவுக்கு வந்த சாயங்காலம் நான் கேட்டுக்குப் பின்னால் நின்றிருந்தேன். முனை வீட்டில் பாடினார்கள். அடுத்து எங்கள் வீடு. டிரம் நின்றது, பேச்சும் நின்றது. மரியாதைக்காகத் தலை கவிழ்ந்து, சத்தமில்லாமல் கடந்து போனார்கள். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. லுங்கியோடு இறங்கிப் பின்னாலேயே போனேன். ஆனால் யாரைத் தொட்டுக் கூப்பிடுவது? தலைவர் முன்னால் இருந்தார். டிரம் வேறு மறுபடி ஆரம்பித்துவிட்டது. வால் மாதிரி நடந்துகொண்டிருந்தேன்.

கடைசியில் வந்த கிறிஸ்துமஸ் தாத்தா திரும்பி, எனக்கு ஒரு மிட்டாய் நீட்டினார். முகமூடி, பஞ்சுத் தாடி. உள்ளே யாரென்று தெரியவில்லை. அதனாலோ என்னவோ எனக்குப் பேச்சு வந்தது.

“நம்ம ஊட்டுக்கு வாங்க.”

“அட, அண்ணனுங்களா!” என்றது முகமூடி. கையிலிருந்த மணியை ஓங்கி ஆட்டியதும் எல்லோரும் நின்றார்கள்.

தலைவர் திரும்பி வந்தார். “இல்லீங்ணா, துக்க ஊடுன்னுதான்...”

“அதனாலதானுங்க வரோணும்” என்றேன்.

வந்தார்கள். வாசல் நிறைந்துவிட்டது. வழக்கமான பாட்டு முடிந்தது. வழக்கப்படி நான் சமையலறையில் இருந்திருக்க வேண்டும். வாசலிலேயே நின்று, “அக்கா கேக்கற பாட்டுங்க” என்றேன். டிரம்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். மெதுவாகப் பாடினார்கள். அந்தப் பாட்டைப் பாடுகிற முகங்களை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அழுகை வந்தது. ஆனாலும் அதற்கு அடியில் சந்தோஷம் இருந்தது. பலகாரமும் நட்சத்திரமும் இல்லாமலே அது இருந்தது. அக்கா அதைக் கொண்டுபோகவில்லை. அவளும் அதை அந்தப் பாலனிடமிருந்து வாங்கிக்கொண்டவள்தான்.

“இத்தன பேருக்குப் பாலுக்கு எங்க போவேன்?” என்று உள்ளேயிருந்து மனைவி குரல். பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேலே ஒரு சொம்புப் பாலை நீட்டினார்.

“பொறந்துட்டாருங்களா தம்பி?”

“பொறந்துட்டாருங்க!” என்றேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

இப்போது நானும் கேரல் குழுவோடு போகிறேன், வாலாகத்தான். டிசம்பர் பிறந்ததும், அந்த வருடம் துக்கம் நடந்த வீடுகளுக்குத் தலைவர் போன் செய்து, “வரலாங்களா?” என்று கேட்கிறார். வேண்டாம் என்பவர்களும் உண்டு. வரச் சொல்கிற வீடுகளுக்கு முதலில் போகிறோம். டிரம் இல்லாமல், அக்காவின் பாட்டு. அந்த வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று கேட்கட்டும் என்று, நான் அவர்கள் சமையலறைக்குப் போய் டீ போடுகிறேன்.