சி டிரைவில் இருந்த அக்கா

போன மாதம் ஆன்லைனில் வெப் டிசைன் வகுப்பில் சேர்ந்தேன். இந்த வயதில் இது தேவையா என்று நீங்களும் கேட்காதீர்கள், வீட்டில் கேட்டாயிற்று. அக்காவின் கல்யாண நாளுக்கு ஒரு பக்கம் செய்து அனுப்புகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். முதல் வீட்டுப்பாடத்தைப் பார்த்த ஆசிரியைப் பெண், "சார், இந்தக் கோடிங்குக்கு என் வயசு இருக்கும்" என்றாள். டேபிளுக்குள் டேபிள், அதற்குள்ளும் ஒரு டேபிள். இப்போதெல்லாம் கட்டம் பிரிப்பதற்கும் நிறம் கொடுப்பதற்கும் சிஎஸ்எஸ் என்று தனியாக எழுதவேண்டுமாம். என் சரக்கெல்லாம் உதியன்குளங்கரையில் படித்தது.

அங்கே ஒரு பேக்கரியின் மாடியில்தான் கம்ப்யூட்டர் சென்டர். செருப்பையும் ஷூவையும் கழற்றிவிட்டுத்தான் ஏசி அறைக்குள் போகவேண்டும். கீழே ஏத்தங்காய் அப்பம் பொரிகிற மணமும் உள்ளே ஈரக் காலுறை நாற்றமும் சேர்ந்ததுதான் எனக்கு இன்டர்நெட்டின் வாசனை. தொண்ணூறுகளின் கடைசி அது. படித்து முடித்த கையோடு அங்கேயே மாஸ்டர் ஆகிவிட்டேன். பாறசாலையிலிருந்து அமரவிளை வரைக்கும் வெப்சைட் செய்யத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். மறுத்துச் சொல்ல ஆளில்லை.

அப்போதுதான் தனுவச்சபுரத்திலிருந்து அக்காவுக்கு ஒரு கல்யாண ஆலோசனை வந்தது. மாப்பிள்ளை ஷார்ஜாவில், லீவு கிடையாது. அதற்கு முன்பு இரண்டு வீட்டுக்காரர்கள் ஸ்டூடியோ படத்தைப் பார்த்துவிட்டு வந்து, அக்காவை நேரில் பார்த்து, டீ குடித்து, விவரம் சொல்கிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். படத்தில் ஸ்டூடியோக்காரர் அவளுக்கு வெள்ளையடித்திருந்தார். இதுவும் தட்டிப்போனால் இனி யார் முன்னாலும் வந்து நிற்கமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அந்தப் படத்தைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். இன்டர்நெட்டில் போடுகிறேன், அவர் ஆபீசிலிருந்தே பார்க்கட்டும் என்று மார்தட்டினேன்.

சுற்றுகிற பூமி உருண்டை, ஓடுகிற வரவேற்பு வரி, ரோஜாப்பூப் பின்னணி, திறந்ததும் தானாக வாசிக்கும் நாதஸ்வரம். பெண் பார்க்கிறவனுக்குப் பூமி உருண்டை எதற்கு என்று இப்போதுதான் தோன்றுகிறது. படம் வராவிட்டால் அந்த இடத்தில் தெரிவதற்கு ஒரு வரி எழுதிவைக்கலாம். அதில் என்ன எழுத என்று பக்கத்தில் இருந்த அக்காவிடம் கேட்டேன். அவள் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"படத்துல உள்ளதவிட நான் கறுப்பாக்கும். சம்மதமுண்டெங்கி மட்டும் வீட்டுக்கு வாங்க."

படம்தான் வருமே, இதை எவன் படிக்கப்போகிறான் என்று ஆங்கில எழுத்தில் அப்படியே அடித்துவிட்டேன்.

ஆனால் வெப்சைட் மன்னன் நான், படம் இருக்கும் இடத்தை என் கம்ப்யூட்டரின் சி டிரைவ் என்று எழுதியிருந்தேன். என் திரையில் அக்கா ஜம்மென்று தெரிந்தாள். ஷார்ஜா கம்ப்யூட்டரோ தன்னுடைய சி டிரைவில் அவளைத் தேடியிருக்கிறது. அங்கே பூமி சுற்றியது, நாதஸ்வரம் வாசித்தது. அக்கா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி, கூடவே அவள் சொன்ன வரி.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் போனுக்கு மாப்பிள்ளையே கூப்பிட்டார். படம் வரவில்லை என்றார். வேறு படம் அனுப்பட்டுமா என்று குழறினேன்.

"வேண்டாம். வாசிச்சாச்சு. லீவு கிட்டினதும் வாறேன்" என்றார். வந்தார், அத்தான் ஆனார்.

இப்போது அந்த மாடியில் பியூட்டி பார்லர் இருக்கிறது. இன்டர்நெட்டில் எனக்கு இலவசமாக இடம் தந்த கம்பெனி மூடியபோது என் பூமி உருண்டையும் அக்காவின் வரியும் அதோடு போயின. எங்கும் ஒரு பிரதி இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

தட்டுத்தடுமாறிப் புதிய பக்கத்தை முடித்து அனுப்பினேன். இருவரும் சேர்ந்திருக்கும் படம் கண் இமைப்பதற்குள் வந்துவிடுகிறது. அக்கா பார்த்துவிட்டு, போனில் கூப்பிட்டு நன்றாக இருக்கிறது என்றாள். அத்தான் போனை வாங்கினார்.

"எலே, அந்தப் பழைய வரி எங்க?"

ஞாபகத்திலிருந்து எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் படம் வராவிட்டால்தான் அது தெரியும், இந்தக் காலத்தில் படம் வராமல் இருக்காது என்று விளக்கினேன்.

"அப்போ படம் வேண்டாம்" என்றார்.

ஆசிரியைப் பெண்ணுக்குத் தெரியாமல், படம் இருக்கும் இடத்தை மறுபடியும் சி டிரைவ் என்று எழுதி அனுப்பினேன். அந்தப் பழைய கம்ப்யூட்டரை ஆக்கர் கடையில் பழைய இரும்போடு எடைக்குப் போட்டு எத்தனையோ காலமாயிற்று.